வாய்வு என்று சொன்ன மனிதர்

நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கையில் வளர்ந்த பிள்ளை டொக்டராகி, உப்புவெளியில் சொந்தமாக டிஸ்பென்சரி திறந்தபோது, நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்க என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் அப்படிப் பிழைத்தவள்.

திறந்த மூன்றாம் வாரம் சாம்பல்தீவிலிருந்து ஒரு மீனவர் வந்தார்.

“நெஞ்சுக்க வாய்வு பிடிச்சிருக்கு, தங்கச்சி.”

“காலமை மரவள்ளியோ அண்ணை?”

“ஓம்” என்று சிரித்தார்.

“இஞ்சித் தேத்தண்ணி குடிச்சிட்டு இருங்கோ, பறந்திடும்” என்று பதினோராம் நம்பரைக் கொடுத்தேன். இருந்தவர்களும் சிரித்தார்கள்.

ஏழாம் நம்பர் உள்ளே போனபோது அவர் உட்கார்ந்திருந்த கதிரையிலேயே சரிந்தார். சட்டை வியர்வையில் தோய்ந்திருந்தது. டொக்டர் ஓடிவந்து நெஞ்சை அழுத்தினார். அம்புலன்ஸ் வருமுன் உயிர் போய்விட்டது. மாரடைப்பு.

ஓடிவந்த மீனவரின் மனைவி என்னிடம்தான் கேட்டார்: “வாய்வுக்கோ ஆள் சாகிறது?”

டொக்டர் என்னை ஏசவில்லை. “நோய்க்குப் பேர் வைக்கிறது என்ர வேலை அன்ரி. அவரும் நீங்களும் சேர்ந்து வைச்சிட்டீங்கள்” என்றார்.

இப்போது யாராவது நெஞ்சில் வாய்வு என்றால், நம்பர் கொடுக்காமல் நேரே உள்ளே அனுப்புகிறேன். பெரும்பாலும் அது வெறும் வாய்வாகத்தான் இருக்கிறது. காத்திருப்பவர்கள் என்னை முறைக்கிறார்கள், முறைக்கட்டும்.