பட்டன் மாற்றி வைத்த ஆட்டம்

ஆட்டம் எப்படி இருக்கு என்று என் மச்சினன் இன்னும் கேட்கிறான். நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் கேஸ் கட்டிங் வேலைக்காரன். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு வெட்டுவேன். வைகாசியில் ஒருநாள், வெட்டி முடித்த தகடு நான் நினைத்த பக்கம் சாயாமல் என் பக்கம் சாய்ந்தது. வலது கட்டைவிரல் அடியில் மாட்டிக்கொண்டது. எலும்பு உடைந்தது, நரம்பும் அறுந்தது. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணி விரலை எடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்தார்கள். விரல் இருந்தது. ஆனால் என் பேச்சைக் கேட்கவில்லை.

என் வேலைக்கு அந்த விரல்தான் முக்கியம். கட்டரில் ஒரு லீவர் இருக்கும். தகட்டின் ஓரம் நெருப்பில் சிவந்ததும் அந்த லீவரைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தினால் ஆக்சிஜன் பாயும், இரும்பு அறுபடும். கோடு முடிகிற வரைக்கும் விரலை எடுக்கக்கூடாது. எடுத்தால் வெட்டு அங்கேயே நின்றுபோகும். மறுபடி சூடு காட்டி ஆரம்பித்தால் அந்த இடத்தில் ஓரம் மேடு பள்ளமாகிப் பல் விழும். பல் விழுந்த தகட்டை யாரும் எடுக்க மாட்டார்கள்.

முதலாளி ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து என்னைப் பார்த்தார். கையில் ஆரஞ்சுப் பை. "வேற ஆளைப் போட்டிருக்கேன்ப்பா. வேலை நிக்கக்கூடாதுல்ல? தீபாவளி முடிஞ்சு வா. ஒரு தகடு வெட்டிக் காட்டு. நேரா வெட்டிட்டன்னா உன் இடம் உனக்கு" என்றார். நியாயமாகத்தான் பேசினார். நானும் தலையாட்டினேன்.

என் மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். ஜாக்கெட், சுடிதார். அவர் போன பிறகு மிஷினை மிதிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மிதித்தாள்.

விரலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தது ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண். நான் டாக்டரம்மா என்பேன். "நான் டாக்டர் இல்லண்ணா, பிசியோ" என்பாள். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னாள். துணி கிளிப்பைப் பிடித்துப் பிடித்து விடச் சொன்னாள். வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்யவில்லை. வலி ஒரு பக்கம். அதைவிட, ஒரு ஆம்பளை பகலில் உட்கார்ந்து துணி கிளிப்பை அமுக்கிக்கொண்டிருந்தால் வீட்டுக்கு வருகிற பொம்பளைகள் பார்க்கிறார்கள். அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா, "என்னம்மா, வீட்டுக்காரருக்கு விளையாட்டா?" என்று கேட்டே விட்டது.

அடுத்த முறை பிசியோ பெண் கையைப் பிடித்துப் பார்த்தாள். "செய்யலதானே?" என்றாள். "கேம் ஆடுவீங்களாண்ணா? பட்டன் வச்சது. கட்டைவிரல் நல்லா வேலை செய்யும்."

சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு செல்போன் கடையில் என் மனைவியின் தம்பி வேலை பார்க்கிறான். விஷயத்தைச் சொன்னதும் மறுநாளே ஒரு மிஷினைக் கொண்டு வந்தான். யாரோ விற்றுவிட்டுப் போனது. கையடக்கம். நடுவில் திரை, இடது பக்கம் ஒரு குமிழ், வலது பக்கம் நாலு பட்டன். மேல் விளிம்பில் ஆள்காட்டி விரலுக்கும் பட்டன் உண்டு. உள்ளே ஒரே ஒரு ஆட்டம் இருந்தது.

"என்னடா பண்ணணும் இதுல?"

"ஒரு பொண்ணு மாமா. வாள் வச்சிருப்பா. மலைக்கு மேல போகணும். வழியில பூதம், மிருகம் எல்லாம் வரும். அடிச்சுக்கிட்டே போக வேண்டியதுதான்."

"எதுக்குப் போறா?"

"அதெல்லாம் எழுத்துல வரும். எனக்கு ஸ்கிப் பண்ணித்தான் பழக்கம்."

எழுத்து இங்கிலீஷில் வந்தது. நான் எட்டாவது. என் மனைவி பன்னிரண்டாவது. அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, கண்ணைச் சுருக்கிப் படித்துச் சொல்வாள். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். அது இந்த ஆட்டத்தின் முதல் குறை.

அவள்தான் கதையைப் பிடித்துக்கொண்டாள். மலை உச்சியில் எதுவோ தூங்குகிறது, அதனால் கீழே ஊரெல்லாம் விளக்கு எரியவில்லை, இந்தப் பெண் போய் அதை எழுப்ப வேண்டும். "எழுப்புறதுக்கா வாள்?" என்று கேட்டேன். "நீங்க அடிங்க. நான் படிச்சுச் சொல்றேன்" என்றாள். அந்தப் பெண்ணின் உடுப்பைப் பார்த்துத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. "இதைப் போட்டுக்கிட்டு எவளாவது கையைத் தூக்க முடியுமாங்க? அக்குள்ல தையலே நிக்காது. இவ எங்க வாளை வீசறது?"

எனக்கு அந்த வாள் பிடித்திருந்தது. பட்டனைத் தட்டினால் சாதா வெட்டு. அழுத்திப் பிடித்தால் வாள் சூடாகும். முதலில் சிவப்பு, அப்புறம் மஞ்சள், அப்புறம் வெள்ளை. வெள்ளையானதும் விட வேண்டும். சீக்கிரம் விட்டால் அடி வீண். தாமதமாக விட்டால் மிருகம் முந்திக்கொள்ளும். வெள்ளைச் சூட்டில் எந்த வாளும் நேராக நிற்காது, குழைந்துவிடும். அதை மட்டும் ஆட்டம் செய்தவர்கள் விசாரிக்கவில்லை. மற்றபடி அது என் வேலைதான். பார்த்து, பிடித்து, விடுவது.

ஆனால் வலித்தது. முதல் மிருகமே என்னை ஓயாமல் கொன்றது. வாள் மஞ்சளாகும்போதே விரல் நடுங்கி விட்டுவிடும். செத்தால் திரையில் ஏதோ எழுத்து வரும். "ஈஸியாக்கட்டுமான்னு கேக்குதுங்க" என்பாள் என் மனைவி. "வேணாம்னு சொல்லு" என்பேன். மேல் வார்த்தை ஆமாம், கீழ் வார்த்தை வேண்டாம். அவள் குனிந்து கீழ் வார்த்தையை அழுத்துவாள்.

மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். "என்ன மாமா இப்படிக் கஷ்டப்படறீங்க? கொடுங்க இங்க." வாங்கி என்னவோ தட்டினான். அடிக்கிற பட்டனை மேல் விளிம்புக்கு மாற்றிவிட்டான். ஆள்காட்டி விரலால் அழுத்தினால் போதும். "எல்லாம் மாத்திக்கலாம் மாமா. அதான் இந்த ஆட்டத்தோட பெரிய பிளஸ்" என்றான்.

அவன் சொன்னது சரி. அன்று சாயங்காலமே முதல் மிருகம் விழுந்தது. என் மனைவி கை தட்டினாள். மச்சினன் எழுந்து ஒரு குத்தாட்டம் போட்டான். எனக்கும் உள்ளே என்னவோ இளகியது.

அதற்குப் பிறகு ஆடி போனது, ஆவணி போனது. ஆற்றில் தண்ணீர் வந்தது. அம்மா மண்டபம் படித்துறையில் ஆடிப்பெருக்குக் கூட்டம் வந்து போனது. நான் மலையில் பாதி ஏறிவிட்டேன். குறைகள் நிறையத் தெரிந்தன. சண்டை நடக்கும்போது திரையில் தெரிகிற பார்வை ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும், தூணைப் பார்த்துக்கொண்டே சாக வேண்டும். கீழே வந்த அதே பூதம் மேலே நீலச் சாயம் பூசிக்கொண்டு வரும். ஊர்க்காரர்களிடம் எத்தனை முறை பேசினாலும் அதே பதில்தான். "நம்ம ஓனர் மாதிரி" என்பாள் என் மனைவி, வாடகை வாங்க வருகிற வீட்டுச் சொந்தக்காரரை நினைத்து. கிணறு இருக்கும் இடத்தில் மட்டும்தான் ஆட்டம் நாம் வந்த தூரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த கிணற்றுக்குப் போவதற்குள் செத்தால் நடந்தது எல்லாம் போச்சு.

நல்லதும் இருந்தது. அடி சரியாக விழுந்தால் மிஷின் கைக்குள் ஒரு உதறு உதறும். அது பொய் இல்லை, உள்ளங்கையில் தெரியும். செத்தால் என் தப்பால்தான் சாவேன். என்ன தப்பு என்று அப்போதே தெரிந்துவிடும். பட்டறையில் அப்படி இல்லை. அந்தத் தகடு ஏன் என் பக்கம் சாய்ந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டில் எல்லாரும் விரல் தேறி வருகிறது என்றுதான் நினைத்தோம். நானும் நினைத்தேன். "இன்னிக்கு எத்தனை பேரைச் சாய்ச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே சோறு போடுவாள் என் மனைவி.

புரட்டாசியில் பிசியோவிடம் போனோம். கூட்டத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்திலேயே நின்று நின்று போனது. என் மனைவி மடியில் கேம் மிஷினை வைத்திருந்தாள். அந்தப் பெண்ணிடம் ஆடிக் காட்டச் சொன்னதே அவள்தான்.

பிசியோ பெண் முதலில் என் விரலைப் பிடித்து, "தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். இன்னும் தள்ளச் சொன்னாள். அப்புறம், "ஆடுங்கண்ணா, பார்ப்போம்" என்றாள்.

ஆடினேன். நீலப் பூதத்தைச் சுற்றி வந்து சாய்த்தேன். என் மனைவி பிசியோ பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, எந்த விரல்ல அடிக்கிறீங்க?"

நான் குனிந்து பார்த்தேன். ஆள்காட்டி விரல் மேல் விளிம்பில் இருந்தது. கட்டைவிரல் நாலு பட்டனுக்கும் பக்கத்தில் சும்மா படுத்திருந்தது. மூன்று மாசமாக அப்படித்தான் படுத்திருந்திருக்கிறது. நான் திரையைப் பார்த்தேன், என் மனைவி எழுத்தைப் பார்த்தாள். விரலை யாரும் பார்க்கவில்லை.

"முதல்ல இருந்த மாதிரிதான் இருக்கு" என்றாள் பிசியோ பெண். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இன்னும் நேரம் இருக்குண்ணா. பட்டனைப் பழையபடி மாத்திடுங்க."

திரும்பி வரும்போது என் மனைவி சத்திரத்தில் இறங்கி நேரே தம்பியின் கடைக்குப் போனாள். ஆள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"உன்னை யாருடா மாத்தச் சொன்னா?"

"அக்கா, மாமா வலியில துடிச்சாருக்கா. நல்லதுன்னுதானே பண்ணேன்?"

"பண்ணின. மாசம் மூணு போச்சு. இனிமே உன் மாமா எந்த விரலை வச்சு வெட்டுவாரு? உன் விரலைக் கொடுப்பியா?"

அவன் முகம் சுண்டிப்போனது. கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "விடு, அவனுக்கு என்ன தெரியும்" என்றேன். எனக்கும் தெரியாதே. அவன் மிஷினை வாங்கிப் பட்டனைப் பழைய இடத்துக்குக் கொண்டு வந்தான். தரும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை.

மலையில் பாதியில் நின்ற ஆட்டத்தைக் கட்டைவிரலால் தொடர முடியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி அதே முதல் மிருகம். மறுபடி மஞ்சளிலேயே விரல் விட்டது. காலையில் துணி கிளிப், மத்தியானம் ஆட்டம், சாயங்காலம் ரப்பர் பந்து. வருகிற பொம்பளைகள் பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். வலி தோள்வரை ஏறும். ஐப்பசி பிறந்த பிறகு ஒருநாள் வாள் வெள்ளையாகும் வரைக்கும் விரல் பிடித்தது. மிருகம் விழுந்தது. இந்த முறை யாரும் கை தட்டவில்லை. என் மனைவி மிஷினிலிருந்து எழுந்து வந்து, என் கட்டைவிரலைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தாள்.

தீபாவளிக்குத் துணி தைக்க அவளுக்கு நேரம் போதவில்லை. தீபாவளி முடிந்து நாலு நாள் கழித்து நான் அரியமங்கலம் போனேன்.

முதலாளி ஒரு தகட்டை எடுத்துப் போடச் சொன்னார். கை நீளத்துக்குக் கோடு. என் இடத்தில் வேலை பார்க்கிறவன் கட்டரை என்னிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். என்னைவிட வயசில் குறைந்தவன். "பார்த்து அண்ணே, லீவர் கொஞ்சம் டைட்" என்றான். நல்லவன்தான்.

கண்ணாடியைப் போட்டேன். ஓரம் சிவந்தது. அழுத்தினேன். பொறி கீழே கொட்டியது. பாதிக் கோடு நேராகப் போனது. எனக்கே நம்பிக்கை வந்தது. முக்கால் வந்தபோது விரல் அடியில் அந்தப் பழைய நடுக்கம். இன்னும் ஒரு சாண் போதும். பல்லைக் கடித்தேன். லீவர் மேலே எழும்பிவிட்டது.

நின்ற இடத்தில் மறுபடி சூடு காட்டி, மீதியை வெட்டி முடித்தேன். தகடு இரண்டாக விழுந்தது. முதலாளி தகடு ஆறும்வரை நின்றார். அப்புறம் ஓரத்தில் விரலை ஓட்டினார். அந்த இடத்தில் விரல் தட்டியது.

"பல்லு" என்றார்.

"ஆமாங்க."

"திங்கக்கிழமை வா. மார்க்கிங் போடு. இவன் வெட்டட்டும்." போகிற போக்கில் திரும்பி, "விரல் சரியானா அப்ப பார்ப்போம்" என்றார். எப்போது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

மார்க்கிங் என்றால் தகட்டில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டின் மேல் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டிப் புள்ளி வைப்பது. நான் போடுகிற கோட்டில் அவன் வெட்டுவான்.

வீட்டுக்கு வந்தபோது தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"என்ன சொன்னாரு?"

"மார்க்கிங்."

அவளுக்கு அது என்ன என்று தெரியும். "சரி. வேலைக்குள்ளதானே இருக்கீங்க" என்றாள். ஒரு ஜாக்கெட்டை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

மச்சினனுக்கு அவள்தான் போன் பண்ணியிருப்பாள். சாயங்காலம் கடையிலிருந்து அப்படியே வந்துவிட்டான். பிரியாணிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் ஆடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மிருகம். அதுவும் என்னைக் கொன்றுகொண்டிருந்தது.

"ஆட்டம் எப்படி மாமா இருக்கு?"

"தூணுதான் மறைக்குது."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. அந்த நேரம் நான் செத்தேன். திரையில் அந்த எழுத்து வந்தது. என் மனைவி மிஷினிலிருந்து திரும்பினாள், படித்துச் சொல்ல வாயெடுத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

கீழ் வார்த்தைக்கு இறக்கி, கட்டைவிரலால் அழுத்தினேன்.