சாயம் என்று எழுதியது நான்தான்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சரக்கு விடுவிப்பு நிறுவனத்தில் படிவங்களை நிரப்பியே வயதாகிப்போனவன் நான். ஓய்வு பெற்று வெள்ளவத்தைக்கு வந்த பிறகும், யாராவது ஒரு படிவத்தோடு கதவைத் தட்டினால் உள்ளூர ஒரு சந்தோஷம். தங்கச்சியின் மகள் தன் ஆய்வுக்காக வெளிநாட்டிலிருந்து தருவித்த சின்னப் பொதியின் சுங்கப் படிவத்தை நீட்டியபோதும் அப்படித்தான். பொருள் என்ன என்று கேட்டேன்.

"ஒரு டை, மாமா. உயிருள்ள செல்லுக்குள்ள கல்சியம் அளக்கிறதுக்கு."

முதல் பாதியை மட்டும் காதில் வாங்கி, சாயம் என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

பொதி வரவில்லை. மூன்றாம் நாள் இருவரும் சரக்குக் கூடத்துக்குப் போனோம். "மேக்க ரெதி சாயம் நேத?" என்று சிங்களத்தில் கேட்டார் கவுண்டரில் இருந்தவர். துணிச்சாயம்தானே என்கிறார். துணிச்சாயத்துக்கு வேறு அனுமதி, வேறு வரிசை. அந்த விதியை நானே அவருக்கு ஒப்புவித்திருப்பேன். மறுக்க வாயெடுத்தேன். "மஹத்தயாமனே லியலா தியென்னே" என்று என் கையெழுத்தின் மேலேயே விரலை வைத்தார். ஐயாவே எழுதியதுதானே!

"இதால ஒரு கைலேஞ்சிக்கும் சாயம் போடேலாது மாமா" என்றாள் மருமகள்.

திருத்தப் படிவம் கொடுத்துப் பொதியை எடுக்க இன்னொரு நாள் போயிற்று. உள்ளே வைத்திருந்த ஐஸ் பைகள் தண்ணீராகிவிட்டன. திரும்பும் வழியில்தான் அவள் விளக்கினாள். அந்தச் சாயத்தைச் செல் தன்பாட்டில் உள்ளே விடாது. அதனால் அதற்கு ஒரு வேஷம் கட்டி அனுப்புகிறார்கள். உள்ளே போனதும் செல்லின் சொந்த நொதியங்களே வேஷத்தை வெட்டி எறிகின்றன. பிறகு அதற்கு வெளியே வர வழியில்லை.

"கள்ளக்கடத்தல்" என்றேன். "அதிகாரியே வேஷத்தைக் கலைச்சு, ஆளை உள்ளுக்கே மறிச்சு வைக்கிறார்."

"ஓம். ஆனா ஈரம் பட்டா வேஷம் வெளியிலேயே கலைஞ்சிடும். பிறகு ஒண்டும் உள்ளுக்குப் போகாது." அவள் குப்பியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "இந்த ஒண்டுதான் இருக்கு. நான் வளர்க்கிற இதயச் செல்லெல்லாம் இன்னும் ரெண்டு நாள்தான் துடிக்கும். இது பிழையாப் போனா இந்த வருசமும் பட்டம் இல்லை."

ஆய்வுகூடத்துக்கு வரவேண்டாம் என்றாள். போனேன். குற்றவாளி தீர்ப்பு நேரத்தில் மன்றில் நிற்கத்தானே வேண்டும்.

எலிக்குட்டியின் இதயத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் ஒரு தட்டில் இருந்தன. சாயத்தை அளந்து விட்டாள். துளிதான். கூடினால் சாயமே கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், துடிப்பு மந்தமாகிவிடுமாம். அளக்க வந்தவன் அளக்கும் பொருளைத் தின்னக்கூடாது என்ற ஒழுங்கை வேறெந்த அலுவலகத்திலும் நான் கண்டதில்லை. காத்திருந்தோம். மிச்சச் சாயத்தைக் கழுவினாள். கல்சியம் பட்டால் சாயம் பச்சையாக ஒளிரும் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

நுணுக்குக்காட்டியோடு இணைத்த திரை கறுப்பாக இருந்தது. எதையோ திருகினாள். அப்போதும் கறுப்பு.

"மூச்சு விடுங்கோ மாமா."

ஓரத்தில் பச்சையாக ஒரு கீற்று எழுந்து அணைந்தது. மறுபடி எழுந்தது. இம்முறை பக்கத்துச் செல்லுக்கும் தாவி, அங்கிருந்து அடுத்ததற்கு ஓடி, திரை முழுவதும் ஒரே வீச்சில் பச்சையாகி இருண்டது. உற்றுப் பார்த்தேன். முதலில் வெளிச்சம், கணம் பிந்தித்தான் தசையின் அசைவு. கல்சியம் வந்து சொன்ன பிறகே செல் சுருங்குகிறது. பிறக்கும் முன்னரே தொடங்கிய இதே வேலை என் நெஞ்சிலும் நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு யாரும் ஒரு கட்டத்தையும் நிரப்பவில்லை. வாழ்நாள் முழுவதும் ஒழுங்குமுறை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு சொற்பமான சமாச்சாரம்!

"பிள்ளை, இது..." என்று தொடங்கினேன்.

"கதைக்காதேங்கோ. பதிவு செய்யப்போறன். மேசையிலயும் முட்டாதேங்கோ."

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். திரையின் பச்சை அவள் முகத்தில் விழுந்து விழுந்து மறைந்தது. அவள் உதடுகள் மட்டும் ஒவ்வொரு துடிப்பாக எண்ணிக்கொண்டிருந்தன.