நான் வேண்டிக்கொண்ட பால்குடம்

என் மகளுக்குப் பதினைந்து வயது. கோலா சிலாங்கூர் கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அவள் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "சக்கர வர்ற மாதிரி இருக்கு. இப்பவே ஒடம்ப அசைக்கணும்," என்றார். அசைவதா? பள்ளி விட்டு வந்தால் கட்டிலும் ஹேன்போனும்தான். அவள் உடம்பில் வேலை செய்தது கட்டைவிரல் மட்டுமே. சர்க்கரையால் ஒரு காலை இழந்த அப்பாவுக்குக் கட்டுப் போட்டவள் நான். பயந்துவிட்டேன்.

நான் ஓர் அவசரக் குடுக்கை. திரும்பும் வழியிலேயே தோட்டத்துக் கோயிலில் காரை நிறுத்தி, "தாயே, இவளுக்குச் சக்கர எறங்கட்டும், திருவிழாவுல பால்குடம் எடுப்பா," என்று வேண்டிக்கொண்டேன். காரில் இருந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்னைக் கேக்காம எப்படிம்மா வேண்டிக்கிட்டீங்க? ஆத்தங்கரையிலேர்ந்து வெறுங்காலோட யாரு நடக்கிறது?"

மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சாமியிடம் சொன்ன வாக்கை மீற அவளுக்கும் துணிச்சல் இல்லை.

பழகுவதற்காகச் சாயங்காலங்களில் செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் நடந்தோம். முதல் நாள் பாதி வழியில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"நீங்க மட்டும் தெனம் மூணு சீரியல் ஹேன்போன்ல பாக்குறீங்க. என்னை ஏசுறீங்க லா," என்றாள்.

ஊருக்குத்தான் உபதேசம்! வெட்கமாக இருந்தது. மறுநாள் முதல் இரண்டு போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினோம். சில நாள் மழை, சில நாள் சண்டை. ஒருநாள் நாய் துரத்தி இருவரும் ஓடினோம். அவள் அவ்வளவு வேகமாக ஓடுவாள் என்று எனக்குத் தெரியாது. தோழிகளைப் பற்றி, கணக்குப் பாடத்தைப் பற்றி அவள் நீளமாகப் பேசியதும் அந்தப் பாதையில்தான்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் மறுபடி இரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கியிருந்தது. மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகள் வெட்கப்பட்டு வெளியே போய்விட்டாள்.

திருவிழா அன்று தார்ச்சாலை சுட்டது. நடுவழியில் அவள் பாதத்தை மாற்றி மாற்றி வைப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"குடு, மிச்சத்தை நான் தூக்குறேன். வேண்டிக்கிட்டது நான்தானே," என்று கை நீட்டினேன்.

"வேண்டிக்கிட்டது நீங்கதான்மா. நடந்து எறக்குனது நானு. விடுங்க."

தலைக்குடத்தை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் செருப்பைக் கையில் வைத்தபடி பின்னால் போனேன். "நன்றி தாயே" என்று வாய் சொன்னது. கண் என் மகளின் முதுகை விட்டு நகரவில்லை.