கோழிக்கறி என்று சொன்ன திங்கட்கிழமை

மே மாதம் மூன்று நாள் லீவு கிடைத்தது. சென்னையில் என்னோடு ஒரே குடோனில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி லோடு வண்டி ஓட்டும் அருள், "எங்க ஊர் தேர்த் திருவிழாவுக்கு வாடா" என்று நாலு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சனி, ஞாயிறு அவன் ஊர். திங்கட்கிழமை அவன் பைக்கில் திருவாமாத்தூர் கோயில், அப்படியே கண்டாச்சிபுரம் சந்தை. இதுதான் திட்டம். கோயிலையும் சந்தையையும் நான் பார்க்கவில்லை, அதனால் இந்தப் பதிவில் அவற்றைத் தேடாதீர்கள்.

கிளாம்பாக்கத்தில் காலை 6.15க்குப் பஸ். நூறு ரூபாய் டிக்கெட். 95 கிலோமீட்டரைக் கடந்து 8.20க்குத் திண்டிவனம். அங்கிருந்து மரக்காணம் ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர், அருளின் பைக்கில்.

போய் இறங்கியபோது சர்ச்சுக்குப் பின்னால் பன்றி அறுத்துக்கொண்டிருந்தார்கள். திருவிழாவுக்கு எட்டு வீடுகள் சேர்ந்து ஒரு பன்றி வாங்கிக் கூறு போடுவது அங்கே வழக்கம். பனை ஓலைப் பாயில் எட்டுக் குவியல். ஒருவர் முதுகைத் திருப்பி நிற்க, இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் சொல்லும் பெயருக்கே அந்தக் கூறு. சண்டையே வராத ஏற்பாடு. நான் ரசித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு நாளா தீனி எடுக்கல, செத்துகித்துப் போச்சுன்னா பேஜாரு, அதான் இன்னிக்கே போட்டுட்டோம்" என்றான் அருள். முந்தின நாள் சவுக்குக் கட்டை ஏற்றும்போது கிழித்த உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தான். கொஞ்ச நேரத்தில் துணி நழுவ, அதை உதறிவிட்டு வெறுங்கையால் வெட்டினான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றியிருக்காது.

ஞாயிறு தேர். நன்றாக வெந்த குழம்பு, நானும் ரெண்டு கை கூடுதலாகவே சாப்பிட்டேன்.

திங்கள் காலை ஏழு மணிக்கு அருள் எழுந்திருக்கவில்லை. அனலாகக் கொதித்தது உடம்பு. தலை வெடிக்கிறது என்றான். பக்கத்து வீட்டு ஆட்டோவில் அவனையும் அவன் மனைவி அமலாவையும் ஏற்றி, 8.10க்குத் திண்டிவனத்தில் ஒரு கிளினிக். வாசல்வரை கூட்டம்.

"நேத்து என்ன சாப்பிட்டாரு?" என்றார் நர்ஸ்.

"கோழிக்கறிங்க" என்றாள் அமலா.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பன்றி என்று சொன்னால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள் என்பது அவளுக்கு அனுபவத்தில் தெரியும். விருந்தாளி நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். காய்ச்சலுக்கு ஒரு ஊசி, மாத்திரை, வீட்டுக்குத் திரும்பினோம்.

பதினொன்றரைக்கு வாந்தி. கழுத்தை மடக்க முடியவில்லை. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பவே இல்லை. கார் பிடித்தோம், 1,500 ரூபாய், விழுப்புரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு, 39 கிலோமீட்டர்.

டோல்கேட்டில் வண்டிகள் நின்றிருந்தன. "ஆஸ்பத்திரி கேஸ்னு சொல்லிக்கினுதான் இருக்கேன் சார், முன்னாடி இருக்கறவன் நவுர மாட்டேன்றான்" என்று டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். அருள் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் புலம்ப ஆரம்பித்திருந்தான். அமலா ஜெபமாலையை அவன் மணிக்கட்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

அவசரப் பிரிவில் ஒரு லேடி டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததுமே கேட்டார், "இந்த ஒரு வாரத்துல ஆடு, மாடு, பன்னி எதையாவது அறுத்தாரா?"

"இல்லீங்க. கோழிதாங்க."

"பன்னி, மேடம்" என்றேன். "சனிக்கிழமை. உள்ளங்கையில காயத்தோட வெட்டினான்."

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. அவன் கையை விரித்துப் பார்த்தார். காயம் சிவந்து வீங்கியிருந்தது. அமலாதான் என்மேல் பாய்ந்தாள். "இத்தினி பேருக்கு முன்னாடி எங்க மானத்த வாங்கிட்டீங்களேண்ணா!"

"மானம் இருக்கட்டும்மா, உயிர் வேணும்ல" என்ற டாக்டர், நர்ஸிடம் மருந்து சொல்லிக்கொண்டே எங்களுக்கும் விளக்கினார். பன்றியின் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் கிருமி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்று பெயர். நன்றாக இருக்கிற பன்றியிலும் இருக்கலாம். காயம் வழியாகவோ வேகாத கறி வழியாகவோ உள்ளே போனால் மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும், காதையும் கெடுக்கும். சந்தேகம்தான், முதுகில் நீர் எடுத்துப் பார்த்தால்தான் உறுதி, ஆனால் அதுவரை மருந்தைத் தள்ளிப்போட முடியாது என்றார். பிறகு, "வேற யாரு வெட்டினது?" என்றார்.

அமலா எழுந்து வராண்டாவுக்குப் போனாள். போனில் மைத்துனனைப் பிடித்தாள். வராண்டாவில் அறுபது பேராவது இருந்திருப்பார்கள்.

"பன்னிக் கறிதாண்டா! கூறு வாங்கின எட்டு வூட்டுக்கும் ஜல்தி போய்ச் சொல்லு. மிச்சம் இருக்கறத யாரும் தொடக் கூடாது. கையில காயம் இருக்கறவங்க, காய்ச்சல் வந்தவங்க உடனே இங்க வரணும். டாக்டராண்ட பன்னின்னு சொல்லச் சொல்லு, கோழின்னு சொல்லக் கூடாது!"

சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சத்தத்தைக் குறைக்கவில்லை. அன்று சாயங்காலமே காய்ச்சலோடு ஒருவர் வந்து சேர்ந்தார், காது கெடாமல் வீடு திரும்பினார்.

முதுகு நீரில் அதே கிருமிதான். லீவை நீட்டிக்கொண்டு நானும் கூடவே இருந்தேன். அருள் மூன்றாம் நாள் என்னை அடையாளம் கண்டுகொண்டான், பதினான்காம் நாள் டிஸ்சார்ஜ். இடது காது போனது போனதுதான்.

இந்தப் பக்கம் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு: பச்சைக் கறியைத் தொடுவதானால் கையுறை போடுங்கள். காயம் இருந்தால் கிட்டேயே போகாதீர்கள். நோஞ்சான் மிருகத்தை அறுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கறி நன்றாக வேகட்டும், ரத்தம் பச்சையாக வேண்டாம். காய்ச்சல் வந்தால் என்ன தொட்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பதை முதல் டாக்டரிடமே சொல்லுங்கள். கூட்டிப் போனவர் நீங்களாக இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

கிளினிக்குக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே நாலரை மணி நேரம் இருந்தது. காலையிலேயே சொல்லியிருந்தால் காது பிழைத்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று காரில் அருள் பக்கத்தில் உட்கார்ந்து, கிளினிக்கில் தெரிந்தே வாய் மூடி இருந்ததைச் சொன்னேன். அவன் ஜன்னலில் ஓடும், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம்தான் கவனித்தேன், நான் உட்கார்ந்திருந்தது அவனுடைய இடது பக்கம். இடம் மாறி உட்கார்ந்து மறுபடி சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அருள் இந்தப் பிளாக்கை ஒரு பதிவு விடாமல் படிக்கிறவன்.