டிரம்மின் மேல் குணவதி அக்கா

பிளாஸ்டிக் நாற்காலியில் கால் வைத்து, நீல டிரம்மின் மூடிமேல் ஏறி உட்கார்ந்து, குணவதி அக்கா ஒரு துள்ளு துள்ளுகிறார். உள்ளே போர்வைகளும் சோப்புக்கட்டிகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கீழே இறங்குகின்றன. “இன்னும் ரெண்டு சட்டை போகும் பிள்ளை, கொண்டா!” என்கிறார் என்னிடம். குதித்து இறங்கி, மூடியைத் திறந்து, திணித்து, மறுபடி ஏறுகிறார். எங்கள் கிளென்ஃபீல்ட் ஊர்த் தேவாலயக் கூடத்து வாசலே அதிர்கிறது.

அக்காவுக்கு வேலை நகரப் பேருந்து ஓட்டுவது. வயதானவர்கள் ஏறினால், அவர்கள் உட்காரும்வரை வண்டி நகராது. சிவப்பு விளக்கோடு யாழ்ப்பாணத் தமிழில் சண்டை போடுவார். பச்சை விழுந்ததும் அதற்கு நன்றி சொல்லுவார். டிரம்களுக்கும் பெயர் வைத்திருக்கிறார். உயரமானது ‘நெட்டையன்’, வயிறு பிதுங்கியது ‘மாப்பிள்ளை’. “பேர் இல்லாமல் ஆரையும் கப்பல் ஏத்தக் கூடாது.”

இதெல்லாம் பக்கத்து வீட்டு லூபேக்காகத் தொடங்கியது. லூபே டோங்கா என்ற தீவு நாட்டுக்காரி. அவளுடைய அண்ணன் இருக்கும் சின்னத் தீவைப் புயல் புரட்டிப் போட்டதிலிருந்து அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அக்காவின் சமையலறையில் வந்து உட்கார்ந்தவள், தேநீர் ஆறுவதுகூடத் தெரியாமல் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சும்மா இருந்தா விசர் பிடிக்கும். எழும்பு, பரல் வாங்கிச் சாமான் அடைச்சு அனுப்புவம்,” என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறார் அக்கா. என்னிடம் வேறொரு நாள் சொன்னார்: “நாங்கள் இடம்பெயர்ந்து இருக்கேக்க, ஆரோ அனுப்பின கூடாரத்துக்குள்ளதான் என்ர மூத்தவள் நடை பழகினவள். அனுப்பினது ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது.” சொல்லிவிட்டு உடனே சிரித்தார். “அவளும் உடனே ஓடத் தொடங்கிட்டாள், பிடிக்கேலாது!”

ஊர் கொடுத்ததில் எல்லாமும் இருந்தன. அரிசி, டின் மீன், கூடவே ஜிகினா ஒட்டிய குதிகால் செருப்பு, இளஞ்சிவப்பு இறகுத் தொப்பி. “கூரை போன சனம் இதைப் போட்டுக்கொண்டு எங்க போறது?” என்று கேட்டுவிட்டு, தொப்பியைத் தானே தலையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்கத் துணி பிரித்தார். புயலுக்குப் பிறகு லூபே முதல்முறையாகச் சிரித்தது அந்தத் தொப்பியைப் பார்த்துத்தான்.

தீவுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது தார்ப்பாய். கடைகளில் தீர்ந்துவிட்டது. அக்காவின் கண் தன் வீட்டு முற்றத்தில் நின்ற மீன்பிடிப் படகின்மேல் விழுந்தது. கணவர் தவராசா பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்ளும் படகு. அதன்மேல் கனத்த புதுத் தார்ப்பாய்.

மாலையில் தவராசா வெறும் காலுறையோடு கூடத்துக்கு ஓடிவந்தார். “என்ர போட் மழையில நனையுது!”

“போட் எண்டா நனையத்தானேயப்பா வேணும்!”

கூடமே வெடித்துச் சிரித்தது. தவராசா கோபத்தை முகத்தில் நிறுத்தி வைக்கப் பெரும்பாடு பட்டார், முடியவில்லை. “இப்பிடியே மடிக்கிறது? விடு, விடு,” என்று தார்ப்பாயைப் பிடுங்கி, ஓரம் ஓரமாக மடித்துக் கொடுத்தார். பிறகு வீட்டுக்குப் போய்ப் படகின் நைலான் கயிற்றையும் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை கன்டெய்னர் லாரி வந்தது. தூறலில் டிரம்களை உருட்டி ஏற்றிக்கொண்டிருந்தோம். ‘மாப்பிள்ளை’ பாதி வழியில் சிக்கி, எல்லோரும் தள்ளிக்கொண்டிருந்தபோது லூபேயின் கைபேசி அலறியது. எடுத்தவள் வீறிட்டாள். தீவில் தொடர்பு திரும்பியிருந்தது. திரையில் தாடிக்கார அண்ணன்! லூபே அழுதுகொண்டே குதித்தாள். ஏன் என்று புரியும் முன்பே நாங்களும் குதித்தோம். லாரி ஓட்டுநர் ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவில்லை.

அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் திரைக்குள் முகத்தை நீட்டினார். “தம்பி, சாப்பிட்டியளோ?”

தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்த மனிதர் பலமாகத் தலையாட்டிச் சிரித்தார். அவருக்குப் பின்னால் வீட்டின் சுவர்கள் தெரிந்தன. சுவர்களுக்கு மேலே வெறும் வானம்.

இங்கே மழை வலுத்தது. அக்கா யாருடையதோ ஒரு குடையைப் பிடுங்கி விரித்தார். கைபேசிக்கு நேர் மேலே பிடித்தார். தண்ணீர் அவர் தலையில் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது.

“அக்கா, நீங்க நனையுறீங்க!” என்றேன்.

அவர் காதில் விழவில்லை. குடையை இன்னும் கொஞ்சம் அந்த மனிதரின் பக்கமாகச் சரித்தார்.