கல்முனையிலிருந்து கண்டிக்கு, ஒரு சாக்குக் கருவாட்டோடு

பிள்ளையின் மூச்சு வருத்தத்துக்குக் கண்டியில் காட்டப் போகிறோம், எந்தப் பாதையால் போவது நல்லது என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். பாதையைச் சொல்கிறேன். அதைவிட முக்கியம், வேனில் யாரை ஏற்றக் கூடாது என்பது. அதையும் சேர்த்தே சொல்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அந்தக் கோபம் அடங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் மகள் பர்ஹானாவுக்கு அப்போது ஏழு வயது. மாரி தொடங்கினால் மூக்கு அடைத்துவிடும். வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள். தடிமன் நெஞ்சுக்கு இறங்கினால் முட்டு, மூச்சு இழுக்கும். குடிக்காத மருந்தில்லை, ஓதிப் பார்க்காத ஆளில்லை. கடைசியில் அம்பாறை டொக்டர் ஒருவர், மாதம் ஒருமுறை கண்டிக்கு வரும் மூக்கு, தொண்டை நிபுணரிடம் காட்டச் சொன்னார். அவர் பின்னேரம் நான்கு மணிக்கு எழும்பிவிடுவார். தவறினால் அடுத்த மாதம்தான். என் கணவர் கட்டாரில் இருந்தார். வேன் பிடித்துத் தர என் தாய்மாமா முன்வந்தார். அவருக்காக நான் துஆக்கூடக் கேட்டேன்.

சுபஹு தொழுதுவிட்டுப் புறப்படுவதாக ஏற்பாடு. கல்முனைக்குடியில் எங்கள் வாசலுக்கு வேன் வந்தபோது உள்ளே மாமா, மாமி, மாமியின் இரண்டு சகோதரிகள், அவர்களின் கணவர்மார். எல்லோரும் பெருநாள் உடுப்பில். மாமாவின் அத்தர் வாசம் தெருமுனை வரை அடித்தது. "புள்ளைக்குத் துணைக்கு வாறம்" என்றார்கள். துணைக்கு வந்தவர்களுக்கு யன்னல் ஓரம். வருத்தக்காரிக்குப் பின் சீட்டின் நடு. அவள் காலடியில் ஒரு சாக்கு.

"இது என்ன மாமா?"

"கருவாடு. கண்டிப் பக்கம் தெரிஞ்ச ஆக்களுக்கு. வெறுங்கையோடயா போற?"

வேன் அவர் பிடித்தது. மகளின் கால்களைத் தூக்கிச் சாக்கின் மேல் வைத்தேன்.

பாதை இதுதான்: சம்மாந்துறை, அம்பாறை, மகாஓயா, மகியங்கனை, பதினெட்டு வளைவு, கண்டி. கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர். இப்போது காபட் போட்ட பாதை, ஆறு மணி நேரம் போதும். அப்போது பாதை முழுக்கக் குழி. போதாததற்கு, யுத்த காலம் என்பதால் இராணுவச் சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும்.

மகாஓயாவுக்கு முன்னால் ஒரு சாவடியில் நீண்ட வரிசை. மாமா பின்னால் திரும்பி, "இருமு புள்ள, நல்லா இருமிக் காட்டு. ஆமி கெதியா விட்டிருவான்" என்றார். அவள் சொன்னதைச் செய்யும் பிள்ளை, இருமினாள். மாமா ஓட்டைச் சிங்களத்தில் ஆஸ்பத்திரி என்று கெஞ்ச, எங்களை இறக்காமலே விட்டார்கள். வேனுக்குள் ஒரே சிரிப்பு. மாமி அவளுக்கு ஒரு டொபி கொடுத்தார்.

வளைவுகள் ஏறத் தொடங்கியதும் குளிர் என்று யன்னல்களை மூடினார்கள். உள்ளே கருவாடும் அத்தரும் நாங்களும். பர்ஹானா இருமத் தொடங்கினாள். இது அந்த இருமல் இல்லை. விலா உள்ளே இழுத்தது, நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது.

மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்ப ஆமி இல்ல புள்ள, போதும்" என்றார்.

நான் எட்டி யன்னலை இழுத்துத் திறந்தேன். மாமி முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு முணுமுணுத்தார்.

குண்டசாலையில் வேன் கண்டிக்கு நேரே போகாமல் வலப்பக்கம் திரும்பியது. சாரதி காரைதீவுத் தம்பி. கேட்டேன். "முதல் அக்குறணைக்குத்தானே அக்கா? மாப்பிள்ள வீட்டுக்கு எண்டு சொன்னவங்க" என்றார்.

அப்போதுதான் விளங்கியது, மாமாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகும் வேன் இது. எங்கள் ஊரில் மாப்பிள்ளை பார்க்கப் போவதை வெளியே சொல்ல மாட்டார்கள். சரிவராவிட்டால் பெண்ணுக்குப் பெயர் கெடும், கண்ணூறும் படும் என்பார்கள். ஆகவே ஒரு சாட்டு வேண்டும். ஒரு வேன் ஆட்கள் ஊரை விட்டுக் கிளம்ப, வருத்தக்காரப் பிள்ளையைவிட நல்ல சாட்டு எங்கே கிடைக்கும்?

"ரெண்டு மணிக்கு வாறம் எண்டு சொல்லிட்டன் மகள், இப்பவே மூணு தாண்டிட்டு. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்."

"மாமா, நாலு மணிக்கு டொக்டர் போயிருவார்!"

"டொக்டர் அடுத்த மாசமும் வருவார்தானே. மாப்பிள்ள அடுத்த மாசம் வரைக்கும் இரிப்பானா?"

"தம்பி, நிப்பாட்டுங்க" என்றேன். சாரதி உடனே நிறுத்தினார். முதலில் மகளை இறக்கினேன். பிறகு சாக்கைக் காலால் தள்ளினேன். வாய் அவிழ்ந்து கருவாடு ரோட்டெல்லாம் சிதறியது. "மாப்பிள்ள வீட்டுக்கு என்னத்தக் கொண்டு போற?" என்று மாமா கத்தினார். "உங்கட வெக்கத்தக் கொண்டு போங்க!" என்று நானும் கத்தினேன். மாமாவிடம் அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் கதிரையை விட்டு எழும்பியிருந்தார். அவளின் மூச்சுச் சத்தம் கேட்டு மறுபடி உட்கார்ந்தார். முதலில் முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். மெல்ல மெல்ல விசில் அடங்கியது. டொக்டர் அவள் முதுகில் குழாயை வைத்து, நல்ல தமிழில், "இருமுங்க மகள்" என்றார்.

பர்ஹானா என்னைப் பார்த்தாள். "உம்மா, சும்மா இருமுறதா, நெசமா இருமுறதா?"

டொக்டருக்குப் புரியவில்லை. நான் அந்த அறையில் வைத்தே அழுதேன்.

மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையைப் பிறகு வெட்டி எடுத்தார்கள். முட்டுக்கு வாயில் வைத்து உறிஞ்சும் பம்ப் கொடுத்தார்கள். இன்றும் கைப்பையில் வைத்திருக்கிறாள். அக்குறணைச் சம்பந்தம் சரிவந்தது. எல்லாம் பர்ஹானாவால் வந்த பரக்கத், இறையருள் என்று மாமா ஊரெல்லாம் சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போகிறவர்களுக்கு: விடியமுன் புறப்படுங்கள். பம்பைக் கையில் வைத்திருங்கள், பெட்டிக்குள் வேண்டாம். யன்னல் ஓரம் பிள்ளைக்கு. அத்தர், கருவாடு எதுவும் ஏற்ற வேண்டாம். மகியங்கனையில் இறங்கி, வளைவு ஏறுமுன் பிள்ளைக்குச் சுடுதண்ணீர் கொடுங்கள்.

பர்ஹானாவின் மகனுக்கும் அதே மூக்கு. போன மாதம் அவனைக் கண்டிக்குக் கொண்டு போனாள். மாமாவின் மகன் போன் எடுத்து, அக்குறணையில் ஒரு சின்ன அலுவல் இருக்கிறது, ஒரு சீட் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். பதினான்கு சீட் வேன். போனது மூன்று பேர். "இடமில்ல" என்று வைத்துவிட்டாள்.