எஞ்சின் சிலுப்பிய மேடு

விருமாண்டி ரயில்வேயில் கீமேன். தோளில் சுத்தியலோடு தண்டவாளத்தில் நடந்து, கழன்றதை அடித்து இறுக்குவது வேலை. நிரந்தரச் சம்பளம், காக்கிச் சட்டை, மதுரைக்கு ஓசிப் பயணம். எல்லாம் இருந்தும் மனிதருக்கு ஒரே ஏக்கம், குலசாமி கோயிலில் முதல் திருநீறு. அந்தப் பாத்தியதை கோயில் பூசாரியான பங்காளி நல்லகாமனுடையது. ஊரே பூசி முடித்த பிறகுதான் விருமாண்டி பக்கம் திரும்புவார். வேண்டுமென்றே செய்வார். பங்காளி என்றால் சும்மாவா?

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் நின்று கிளம்பும் போடி வண்டி உடனே மேடேற வேண்டும். எழுபத்தெட்டு மார்கழியில் ஒரு காலை, தண்டவாளத்தில் பனி ஈரம். கரி எஞ்சின் நகரவில்லை. சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்ற, உடம்பெல்லாம் உதறியது. மதுரைக்காரரான டிரைவர் துளசிராம் தலையை நீட்டி, "சிலிப்பாயிருச்சு" என்றார்.

மகளுக்கு வந்த சம்பந்தத்தை முடிக்கலாமா என்று சாமியை நினைத்தபடி பக்கத்தில் நின்ற சோணையம்மாள் காதில் அது "சிலுப்பிருச்சு" என்று விழுந்தது. கிடாய் மேல் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக நினைத்து வெட்டுகிற ஊர் எங்களுடையது. அவ்வளவு பெரிய இரும்பே சிலுப்பிவிட்டதே! சம்பந்தம் முடிந்தது. மறுநாள் அந்தத் தண்டவாளத்துக்கு நல்லெண்ணெய்க் காப்பு.

எண்ணெய் பட்ட இரும்பில் சக்கரம் பிடிக்குமா? எஞ்சின் இன்னும் பலமாகச் சிலுப்பியது. கிணறு வெட்ட, வழக்குப் போட, மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப, எல்லாவற்றுக்கும் அதனிடமே உத்தரவு கேட்டார்கள். வழுக்காமலிருக்க துளசிராம் கொட்டிய மணலைத் திருநீறு என்று வழித்தெடுத்தார்கள். ரயில்வே இடமாதலால் பூசாரி விருமாண்டிதான். முதலில் தன் நெற்றியில் பூசிக்கொண்டு பிறகு ஊருக்குக் கொடுத்தார். நல்லகாமனைக் கடைசியில் நிறுத்தினார். அந்தச் சுகத்துக்கு ஈடே இல்லை.

ஆனால் அவருக்குக் கண் அவிந்துவிடவில்லை. சக்கரம் சுற்றிச் சுட்டதில் தண்டவாளத்தின் தலையில் பள்ளம் விழுந்து, நீலம் பாய்ந்து கிடந்தது. மேலே சொன்னால் மாற்றிவிடுவார்கள். சாமி போய்விடும்.

"கீமேன், என்னய்யா கூத்து இது? இரும்பு வெந்து கெடக்கு. ஒடஞ்சா வண்டி கவுந்துரும்" என்றார் துளசிராம்.

"சிவராத்திரி மட்டும் முடியட்டுண்ணே."

பயமாகத்தான் இருந்தது. ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

சிவராத்திரியன்று காலை அந்தப் பள்ளத்தில் தண்டவாளம் பிளந்து கிடந்தது. போடியிலிருந்து மேட்டில் இறங்கி வரும் வண்டியின் புகை தூரத்தில் தெரிந்தது. குலசாமி கும்பிட ஊர் திரும்பும் சனம் அதில்தான் வருகிறது. விருமாண்டி யோசிக்கவே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். யோசித்தார். பிறகு சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஓடினார். தொண்டை கிழியக் கத்தினார். பிளவுக்கு முன்னால் வண்டி நின்றது.

மதியத்துக்குள் புதுத் தண்டவாளம் போட்டார்கள். எண்ணெய் ஊற்றாமலிருக்க ஒரு போலீஸ்காரரையும் நிறுத்தினார்கள். சாயங்கால வண்டி கிளம்புவதை ஊரே கைகூப்பிப் பார்த்தது. எஞ்சின் ஓர் உதறலும் இல்லாமல் மேடேறிப் போய்விட்டது.

"சிலுப்பலையேப்பா" என்றாள் சோணையம்மாள்.

"எப்பிடிச் சிலுப்பும்? எறங்கி வார சாமிய எதுக்க நிண்டு செகப்புத் துணியக் காட்டி மறிச்சிருக்கான்ல" என்றார் நல்லகாமன்.

ஊர் தலையாட்டியது. அன்றிரவு குலசாமி கோயிலில் திருநீறு கொடுக்கும்போது வாசலில் ஒரே சத்தம். விருமாண்டி உள்ளே வந்தால் தாங்கள் பூசமாட்டோம் என்று சிலர் மறித்து நின்றார்கள். எல்லோரும் காலையில் அந்த வண்டியிலிருந்து உயிரோடு இறங்கியவர்கள்.